வசனம் போயிற்று, தரு நின்றது

திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், மகாவலியின் கிளையாகிய வெருகலாறு ஓடும் இடத்தில், சித்திரவேலாயுத சுவாமி எழுந்தருளியிருக்கும் பழம்பதியை நம் வாசகர் அறிவர். தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் அப்பெருமான்மீது காதற் பிரபந்தம் இயற்றினார். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம் அவ்வழியே பாடிக்கொண்டு போகிறது. பாட்டுக்குப் பஞ்சமில்லாத மண் அது. அம்மண்ணில் இப்பொழுது ஒரு கூத்துக் கொப்பி எழுதப்பட்டு வருகிறது. அதன் பக்கங்களுட் பல வெறுமையாய் இருக்கின்றன. அவ்வெறுமை யாது கருதியது என்பதே இவ்வாரத் தலையங்கத்தின் பொருள்.

கொப்பிக்கு உரியவர் ஓர் அண்ணாவியார். எழுபது அகவையைக் கடந்தவர். பெயரை வெளியிடுதல் வீட்டாருக்கு உவப்பன்று. ஆதலின் அண்ணாவியார் என்றே வழங்குவோம். இளமையில் தந்தையாரிடம் மத்தளம் பயின்று, வடமோடிக் கூத்துகள் பலவற்றைக் களரியேற்றியவர். அவர் வைத்திருந்த பழைய கொப்பிகள் 2006ஆம் ஆண்டு ஊரார் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போயின. மீண்டு வந்தபின், “கொப்பி போனால் என்ன, இங்கே கிடக்கிறது” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். எழுதிக்கொள்கிறோம் என்று மாணவர் வேண்டிய போதெல்லாம், “வாற வரியத்துக்குப் பாப்பம் தம்பி” என்பதே விடையாயிற்று. ஈராண்டுக்கு முன், ஒரு விடியற்காலையில், அவருக்குப் பாரிசவாதம் கண்டது. வலக்கையும் வலக்காலும் சோர்ந்தன. பேச்சு அடியோடு நின்றது.

மாதங்கள் சில சென்றன. ஓர் இரவு அயலிலே மத்தளம் முழங்கிற்று. படுக்கையிற் கிடந்தபடியே அண்ணாவியார் ஒரு தருவை எடுத்தார். முதலடி தொட்டுக் கடையடி ஈறாக, ஒரு சொல்லும் சிதையாமற் பாடி முடித்தார். வீட்டார் திகைத்தனர். மருமகள் ஓடிவந்து, “மாமா, தண்ணி வேணுமா?” என்று கேட்டாள். வேண்டும் என்னும் அவ்வொரு சொல் வரவில்லை. வாய் திறந்தது, ஒலி குழறிற்று, கண் கலங்கிற்று.

ஊர் இதற்கு மூன்று பொருள் கண்டது. வேலவன் அருள் என்றனர் சிலர். காற்றுச் சேட்டை என்றனர் வேறு சிலர். மூன்றாவது கருத்தே கொடியது: பாட முடிந்தவருக்குப் பேச முடியாதா, வேண்டுமென்றே பிடிவாதமாக இருக்கிறார் என்பது. அக்கருத்து வீட்டுக்குள்ளும் நுழைந்தது. சோறு கேட்டாலன்றித் தருவதில்லை என்று ஒரு வைராக்கியம் சில நாள் அங்கே நடந்ததாகவும் அறிகிறோம். அன்பில்லாமையால் அன்று, அறியாமையால் நடந்தது.

மாணவர் மட்டும் ஒன்று செய்தனர். மாலைதோறும் மத்தளத்தோடு சென்று, அவர் பாடப் பாட எழுதத் தொடங்கினர். தருக்கள் நிரம்பின, விருத்தங்கள் நிரம்பின. வசனம் வரும் இடங்களில் மட்டும், ‘இங்கே அரசன் வசனம்’, ‘இங்கே தூதன் வசனம்’ என்று பென்சிலாற் குறித்து இடம் விட்டுள்ளனர். ஒரே கூத்து; ஒரே நா; ஒரே தமிழ். பாட்டாய் இருந்தது தப்பிற்று. பேச்சாய் இருந்தது போயிற்று. இது எவ்வாறு?

இவ்வினாவைத் தமிழுலகம் மட்டும் எதிர்கொள்ளவில்லை. பாரிசு நகருக்கு அணித்தான பிசேத்ர் வைத்தியசாலையில் லெபோர்ஞ் என்னும் ஒருவர் இருபத்தொரு ஆண்டு வாழ்ந்தார். எது கேட்டாலும் ‘தான்’ என்னும் ஓர் அசையையே அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். ஆதலின் அதுவே அவருக்குப் பெயராயிற்று. பிறர் சொல்வதை அவர் விளங்கிக்கொண்டார். எண்ணைக் கேட்டால் விரலாற் காட்டினார். சினம் மிக்கபோது மட்டும் ஒரு வசைமொழி முழுமையாய் வாயினின்றும் வந்துவிடும். 1861ஆம் ஆண்டு அவர் இறந்தபின், பால் புரோக்கா என்னும் மருத்துவ அறிஞர் அவர் மூளையை ஆராய்ந்து, இடப் பாதியின் முன்பகுதியிலே ஓரிடம் அழிந்திருத்தலைக் காட்டினார். மூளையின் இடப் பாதி உடலின் வலப்புறத்தை ஆள்வது. அண்ணாவியாரின் வலக்கையும் நாவும் ஒருங்கே சோர்ந்ததற்குக் காரணம் அதுவே. பதின்மூன்று ஆண்டு கழித்து, 1874இல், ஜெர்மானியராகிய கார்ள் வேர்ணிக்கே இன்னொரு வகையாரை விளக்கினார். அவர்கள் தங்குதடையின்றிப் பேசுவர். பேச்சிற் பொருள் இராது. பிறர் பேச்சும் விளங்காது. அவர்களுக்குக் கேடு நேர்ந்த இடம் செவிக்கு அணித்தான பக்கப் பகுதி. பேச்சிழப்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், அது ஒன்றன்று.

லெபோர்ஞ்சின் வசைமொழியை நம் வாசகர் மறந்துவிடலாகாது. ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்னும் ஆங்கில மருத்துவர் அத்தகைய நிகழ்ச்சிகளைப் பொறுமையோடு திரட்டியவர். ஒரு சொல்லும் பேச மாட்டாதார் பாடுவர், வேண்டுதல் மொழிவர், வைவர் என்று கண்டு, மொழியை அவர் இருகூறாக்கினார். அவ்வப்போது கருத்துக்கேற்பப் புதிதாய்த் தொடுத்துப் பேசுவது ஒரு கூறு; தொடுக்கப்பட்டு முன்னரே நெஞ்சிற் கிடந்து, தொட்டவுடன் தானே உருண்டு வருவது மற்றையது. தேவாரம், வாய்பாடு, கிழமைகளின் பெயர், ‘ஐயோ’ என்னும் இரங்கல் யாவும் பின்னதன்பாற் படும். தண்ணீர் வேண்டும் என்பது சிறு தொடர்தான். ஆயினும் அதனை ஒவ்வொரு முறையும் புதிதாய்த் தொடுக்கவேண்டியிருக்கிறது. நூறடித் தரு நீண்டது; ஆயின் அது தொடுத்து முடிந்த மாலை. இவ்வேறுபாட்டை அந்த மருமகளுக்கு யாரேனும் முதல் நாளிலேயே சொல்லியிருத்தல் கூடாதா என்று நாம் வருந்தியதுண்டு.

இனி, பாட்டும் பேச்சும் மூளைக்குள் எவ்வாறு செல்கின்றன என்பதைச் சிறிது நோக்குவோம். இரண்டுக்கும் வாயில் ஒன்றே. காற்றின் அதிர்வு செவிப்பறையைத் தாக்க, மூன்று சிற்றெலும்புகள் அதனை நத்தை வடிவான உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே ஏறத்தாழ 3,500 உள்மயிர்க் கலங்கள் அதிர்வை நரம்புக் குறியாக மாற்றுகின்றன. ஒரு புறம் பருத்த ஒலியையும் மறுபுறம் மெல்லிய ஒலியையும் ஏற்கும் வகையில் அக்கலங்கள் யாழ்நரம்புபோல் வரிசைப்பட்டுள்ளன. அங்கிருந்து குறிகள் மூளைத்தண்டின் வழியே இரு பக்கங்களிலும் உள்ள செவிப்புலப் பகுதிகளை அடைகின்றன. இதுவரை சொல்லென்றும் இசையென்றும் பாகுபாடு பெரிதாய் இல்லை. அதன் பின்னரே வழிகள் பிரிகின்றன.

அப்பிரிவை அழகாய்க் காட்டியதோர் ஆய்வு கனடாவின் மொன்றியலில் நடந்து 2020ஆம் ஆண்டு வெளிவந்தது. பத்து வாக்கியங்களைப் பத்து மெட்டுகளிற் பாடுவித்து நூறு சிறு பாட்டுகள் ஆக்கினர். பின்னர் அவற்றை இருவகையாய்ச் சிதைத்தனர். ஒலியின் காலநுட்பத்தைச் சிதைத்தபோது சொல் விளங்காமற் போயிற்று; மெட்டு நின்றது. ஒலியின் சுருதிநுட்பத்தைச் சிதைத்தபோது மெட்டு மறைந்தது, சொல் நின்றது. கேட்டோர் 49 பேர். அவருள் ஆங்கிலம் பேசுவோரும் பிரெஞ்சு பேசுவோரும் இருந்தனர். மூளையைப் படம்பிடித்து நோக்கியபோது, சொல்லைப் பிரித்தறியும் குறிகள் இடப்பக்கச் செவிப்பகுதியிலும், மெட்டைப் பிரித்தறியும் குறிகள் வலப்பக்கத்திலும் தெளிவாய் இருந்தன.

இதனைப் படிக்கும் தமிழாசிரியர் எவருக்கும் தொல்காப்பிய நூன்மரபு நினைவுக்கு வராமற் போகாது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று எழுத்தை மாத்திரையால், அஃதாவது காலத்தால், அளந்து சென்ற ஆசிரியர், அவ்வியலின் இறுதி நூற்பாவிலே ஓர் எல்லைக் கல் நாட்டுகிறார். உயிர் தன் அளவைக் கடந்து ஒலித்தலும் மெய் நீண்டு இசைத்தலும் உண்டு. அவை இசைநூற்கு உரியன என்று சொல்லி அப்பாற் சென்றுவிடுகிறார். எழுத்து நூலார் காலத்தால் அளந்தனர். இசை நூலார் சுருதியை அலகால் அளந்தனர். மாணவர்க்கு இவ்விரண்டையும் வெவ்வேறு பாடமாகக் கற்பித்து, இரண்டும் ஒரே காற்றின் இரு அளவைகள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இவ்விடத்தே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். தொல்காப்பியர் மூளை நூல் அறிந்திருந்தார் என்று மேடையிலே முழங்க நம் அன்பர் சிலர் துடிப்பர். அவ்வாறு முழங்குதல் அவருக்குப் பெருமை அன்று. பிறப்பியலின் முடிவிலே, உள்ளே எழும் காற்றின் இயக்கத்தை ஆராய்தல் வேறொரு நூலின் தொழில், யாம் கூறுவது புறத்தே வெளிப்பட்டுப் பொருள் தரும் ஒலியின் அளவே என்று தம் எல்லையைத் தாமே வரைந்தவர் அவர். தம் செவி கேட்டதைப் பிழையின்றிப் பதிந்தார். ஈராயிரம் ஆண்டுகளாக அது பயன்படுவதற்கு அந்நேர்மையே போதிய காரணம்.

இடப் பாதி மொழிக்கு, வலப் பாதி இசைக்கு என்று வீடு பிரிப்பதுபோற் பிரித்துவிடுவதும் தவறு. வலப் பாதி பழுதுற்றோர் சொல்லை இழவாதிருந்தும் பேச்சின் ஏற்ற இறக்கத்தை இழப்பதுண்டு. பிறர் எள்ளிச் சொன்னதை மெய்யென்று கொள்வதும் உண்டு. தாளத்தை உணர்வதற்கோ, செவிப்பகுதியேயன்றிக் கைகால் அசைவை ஆளும் பகுதிகளும், மூளையின் ஆழத்திலுள்ள முடிச்சுகளும் ஒருங்கே தொழிற்படுகின்றன. மத்தளம் கேட்டவுடன் களரியைச் சூழ்ந்திருப்போர் கால் தாமே அசைதலை யார் கண்டிலர்? சீனம் போன்ற மொழிகளிலே சுருதி மாறினாற் சொல்லே மாறிவிடும். ஆங்கே இப்பங்கீடு இன்னும் சிக்கலானது.

பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள வேலி எவ்வளவு தாழ்ந்தது என்பதை ஒரு சிறு செய்தி காட்டும். அமெரிக்கப் பேராசிரியர் டயானா டோய்ச், 1995இல், தாம் பதிவுசெய்த பேச்சொன்றைத் திருத்துதற்பொருட்டுச் சில சொற்களை மீண்டும் மீண்டும் ஓடவிட்டிருந்தார். சற்று நேரத்தில் அறையிலே யாரோ பாடுவதுபோற் கேட்டது. ஒலியில் எம்மாற்றமும் இல்லை. மீட்டுக் கேட்டமையே பேச்சைப் பாட்டாக்கிற்று. நம் கீழ்வகுப்புகளில் இதனை நாள்தோறும் கேட்கலாம். ‘ஈரிரண்டு நாலு’ என்று நாற்பது பிள்ளைகள் ஒருமித்துச் சொல்லும்போது, எவரும் மெட்டமைக்காமலே ஒரு மெட்டு எழுந்துவிடுகிறது. ஊருக்கு ஊர் அம்மெட்டு சிறிது வேறுபடும். அதனை யாரேனும் பதிந்து வைத்தால் நன்று.

கூத்திலே இவ்வேலியின் மூன்று படிகளையும் நம் முன்னோர் வரிசையாக வைத்தனர் என்பது நமக்கு வியப்பூட்டுவது. வசனம் பேச்சுக்கு அணித்து. விருத்தம் இசையோடு வரும். தாளக் கட்டு இல்லை. தரு இசையும் தாளமும் ஒருங்கே உடையது. பழகிய கூத்தர் ஒருவரைப் பிடித்து, இடையிலுள்ள ஒரு வசனத்தைத் தனியே சொல்லச் சொன்னால் தடுமாறுவார். முன்னுள்ள தருவைப் பாடவிட்டால் வசனம் தானே வந்து விழும். நலமாயிருப்போர்க்கும் தருவே வசனத்தை இழுத்துவரும் கயிறு. அண்ணாவியாருக்கு அக்கயிறு வசனம் தொடங்குமிடத்தில் அறுந்திருக்கிறது.

இதற்கு மாறாய் நிகழ்ந்ததையும், உடன் நிகழ்ந்ததையும் உலக வரலாறு காட்டுகிறது. உருசிய இசையமைப்பாளர் விசாரியன் ஷெபாலின் 1953இலும் 1959இலும் இருமுறை வாதத்துக்கு ஆளானார். பிறர் பேச்சை விளங்குவதும் தாம் பேசுவதும் அவருக்கு மிக அரிதாயின. ஆயினும் இசை அமைப்பதை அவர் விடவில்லை. மாணவர் இயற்றியவற்றைத் திருத்தினார். தம் ஐந்தாம் சிம்பொனியை 1962இல் முடித்தார். 1963இல் மறைந்தார். அவர் நோயை ஆராய்ந்த லூரியா என்னும் பேரறிஞர் 1965இல் அதனை எழுதி வெளியிட்டார். மறுபுறம், பிறவியிலேயே மெட்டை மெட்டாய் உணர மாட்டாதார் உளர். பேச்சிலே அவர்க்குக் குறையில்லை; பாட்டு மட்டும் பாத்திரம் உருள்வதுபோற் கேட்கும். மொன்றியலின் இசபெல் பெரெட்ஸ் அம்மையார் இவர்களைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். 2017இல் வந்த கணக்கின்படி நூற்றுவருள் ஒருவரோ இருவரோ இத்தகையர். வகுப்பிலே ‘சுருதி சேராதவன்’ என்று நாம் எள்ளி உட்காரவைத்த பிள்ளைகளுள் ஒருவன் அவ்வாறு இருந்திருக்கலாம். இஃது எம் மனத்தை உறுத்துகிறது.

பாடமுடிந்தவரைப் பாட்டின் வழியே பேச்சுக்குக் கொண்டுவரலாமா? முயன்றோர் உண்டு. 1973இல் அமெரிக்காவின் பாசுட்டன் நகர அறிஞர் மூவர் ஒரு முறையை வகுத்தனர். நோயாளரின் இடக்கையைப் பற்றி அசைக்கு ஒன்றாய் மெல்லத் தட்டுவர். அன்றாடம் வேண்டும் ஒரு சிறு தொடரை, உயர்ந்ததும் தாழ்ந்ததுமாகிய இரண்டே சுருதியில் நீட்டி முதலில் முனகுவர். பின்னர்ச் சொல்லோடு சேர்ந்து பாடுவர். அதன்பின் நோயாளரைத் தனியே பாடவிடுவர். கடைசியிற் பாட்டைச் சிறிது சிறிதாய்ப் பேச்சாகத் தணிப்பர். ‘தண்-ணி தா’ என்பதை அவ்வாறு மூன்று தட்டிலே சொல்லுவித்தல் தமிழிலும் கூடும். 2011ஆம் ஆண்டு தலையிற் குண்டு பாய்ந்து பேச்சிழந்த அமெரிக்க மக்களவை உறுப்பினர் கேப்ரியல் கிபர்ட்ஸ் அம்மையார் மீண்டுவர இசைப்பயிற்சி துணைசெய்தது என்பதைப் பத்திரிகை படிப்போர் அறிவர்.

ஆயின் அதே 2011இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வொன்று நம் உற்சாகத்துக்குச் சிறிது அணை போட்டது. பெஞ்சமின் ஸ்டால் என்பாரும் உடனுழைத்தோரும் பேச்சிழந்தோர் 17 பேரைப் பாடவைத்தும், மெட்டின்றித் தாளத்தோடு மட்டும் சொல்லவைத்தும் ஒப்பிட்டனர். மெட்டினாற் கூடுதற் பயன் காணப்படவில்லை. தாளம் பயன் தந்தது. மூளையின் ஆழமுடிச்சுகள் பழுதுற்றோர்க்கு அது மிகுதியும் துணைசெய்தது. எல்லாவற்றினும் மேலாக, சொற்கள் முன்பே பழகியனவாய் இருத்தல் பெரும்பயன் தந்தது. அண்ணாவியார் தருவை இதனோடு பொருத்திப் பாருங்கள். அவர் நாவைத் திறந்தது இராகமா, மத்தளமா, ஐம்பது ஆண்டுப் பழக்கமா? இராகமே என்று நாம் முதலில் எண்ணியிருந்தோம். இப்பொழுது மத்தளத்தையும் பழக்கத்தையும் முன்வைக்கவேண்டியவராகிறோம். பாடுவித்தல் மாயமருந்து அன்று; பழகிய தேவாரத்தைப் பாடிவிட்டார் என்பதனாலேயே பேச்சு மீளும் என்று வீட்டார் நம்பியிருத்தலும் ஆகாது. பயிற்சி நாள்தோறும், பல மாதம், அறிந்தார் ஒருவர் துணையோடு நிகழவேண்டியது.

அறிந்தார் எங்கே என்பதே நம் குறை. பேச்சுச் சிகிச்சை பயின்றோர் இந்நாட்டிற் பெருகி வருகின்றனர். அவருள் தமிழிற் பயிற்றவல்லார் தேவைக்குப் போதியவராய் இல்லை. பேச்சிழந்தவரை அவர் தாய்மொழியிலன்றி வேறெதிற் பயிற்றுவது? வெருகல் போன்ற சிற்றூரிலிருந்து வாதங்கண்ட முதியவரை வாரந்தோறும் நகருக்கு ஏற்றியிறக்குதலும் எளிதன்று. உயர்தரத்தில் உயிரியலும் தமிழும் ஒருங்கே நன்கு வரும் மாணவர் ஆண்டுதோறும் நம் கண்முன் செல்கின்றனர். மருத்துவம் கிடைக்காவிடின் வாழ்வே முடிந்தது என்று அவர் அழுவதையும் காண்கிறோம். இத்துறை ஒன்று உண்டு என்று அவருக்குச் சொல்லும் ஆசிரியர் எத்தனை பேர்?

ஆசிரியரும் வீட்டாரும் மனங்கொள்ள வேண்டுவன வேறுமுள. முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமற் போனாலோ, பேச்சுக் குழறினாலோ, அக்கணமே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் தரப்படவேண்டியது. அது தகுமா என்பதை வைத்தியரே படமெடுத்து நோக்கி முடிவுசெய்வர். நூல் கட்டவும் பார்வை பார்க்கவும் பின்னர் நாளிருக்கிறது. பேச்சு நின்றுவிட்டால், அறிவும் நின்றுவிட்டதென்று கொள்ளற்க. அவர் எதிரிலே அவரைப்பற்றிப் பிறரோடு பேசற்க. ஆம், இல்லை என்று தலையசைக்கத்தக்க வினாக்களைக் கேட்க. சொல்லைத் தேடும்போது காத்திருக்க. இவை செலவில்லாதவை.

நம் பாடசாலைகளுக்கு வருவோம். செய்யுளை இசையோடு ஓதுவித்தல் நம் வகுப்புகளில் அருகிவிட்டது. பரீட்சையில் ஓசைக்குப் புள்ளி இல்லை. பொருள் எழுதினாற் போதும். வெண்பாவைச் செப்பலோசை தோன்ற வாசிக்கத் தெரியாத மாணவன், செப்பலோசை வெண்பாவுக்கு உரியது என்று எழுதி முழுப் புள்ளியும் பெறுகிறான். இதனை நாம் பலமுறை கண்டித்திருக்கிறோம். அதற்காக, இசையோடு ஓதினால் அறிவு பெருகும் என்று விஞ்ஞானத்தின் பெயராற் பொய்ச்சான்று கூற மாட்டோம். 1993இல் அமெரிக்காவிலே 36 மாணவர்க்கு மொசார்ட்டின் இசையைக் கேட்பித்தனர். கால் மணி நேரம்கூட நில்லாத ஒரு சிறு பயனை அவர் பெற்றதாக வந்த செய்தியை ஊதிப் பெருக்கி, குழந்தையின் தொட்டிலருகே இசைத்தட்டு விற்றோர் உண்டு. பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. நாம் கேட்பது சிறியது. ஓசை செய்யுளின் உறுப்பு. ஆதலின் அதனைக் கற்பிக்கவேண்டும். தாளத்தோடும் பழக்கத்தோடும் இளமையிற் படிந்த சொல், மற்றைச் சொல் போனபின்னும் நிற்பதை வெருகலிற் கண்டோம். ஆதலின் பிள்ளைகள் நெஞ்சிலே படிவது நல்ல சொல்லாய் இருக்கட்டும் என்பதும் எம் விருப்பம்.

இத்தகைய ஆராய்ச்சி தமிழறிஞர்க்குப் புறம்பானது என்று கருதுவோர் விபுலானந்த அடிகளை நினைத்துக்கொள்க. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானவர். 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியானவர். திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கியவர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிற் கிடந்த யாழின் இலக்கணத்தைக் கணிதத்தாலும் ஒலிநூலாலும் ஆராய்ந்து, ‘யாழ் நூல்’ என்னும் பெருநூலை 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றினார். அடுத்த மாதம் 19ஆம் நாள் மறைந்தார். ஒலி நரம்பிற் பிறப்பதை அவர் ஆராய்ந்தார். அது மூளையிற் சென்று சேர்வதைத் தமிழில் ஆராய ஒருவர் இனித்தான் வரவேண்டும். கீழ்மாகாணத்திலே கூத்தறிந்த முதியோருள் பேச்சிழந்தோர் இன்னும் எத்தனை பேரோ! அவரிடம் எது நின்றது, எது போயிற்று என்று தரு, விருத்தம், வசனம் என்னும் மூன்று நிலையிலும் பல்கலைக்கழகத்தார் பதிவார்களாயின், மொன்றியலாரும் ஆவலோடு படிக்கத்தக்க நூல் ஒன்று எழும்.

கொப்பியின் இன்றைய நிலையைச் சொல்லி அமைவோம். வெற்றிடத்தை நிரப்ப மாணவர் ஓர் உபாயம் கண்டுள்ளனர். வசனத்துக்கு முன்னுள்ள தருவை அண்ணாவியாரோடு சேர்ந்து பாடுகின்றனர். தரு முடிந்ததும் மத்தளத்தை நிறுத்துவதில்லை. அதே நடையில் மெல்லத் தட்டிக்கொண்டே, முன்பு அவ்வேடம் தரித்த ஒருவர் வசனத்தின் முதற் சொல்லை நீட்டி எடுத்துக்கொடுக்கிறார். பல மாலை ஒன்றும் வரவில்லை. சென்ற மாதம் தூதன் வசனத்தின் முதலடி வந்தது. மறுநாள் அதன் மிகுதியும் வந்தது. இதுவரை ஐந்து இடங்கள் நிரம்பியிருக்கின்றன. ஐந்தனுள் ஒன்றிலே அண்ணாவியார் சொன்னது வேறு, வேடம் தரித்தவர் நினைவில் இருப்பது வேறு. எது சரியென்று மாணவர் அவரைக் கேட்டனர். அவர் தலையை அசைத்தார், ஆமென்றோ அன்றென்றோ தெளியவில்லை. இரண்டையும் எழுதி வைத்திருக்கின்றனர், ஒன்றன்கீழ் ஒன்றாக.